மழைத்துளியைப் படமெடுக்க இலையைத் தெரிந்திருக்க வேண்டும்

மழைத்துளியைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது கேமராவைப் பற்றித்தான். எந்த லென்ஸ் வாங்கலாம், போனிலேயே எடுக்க முடியுமா, ட்ரைபாட் கட்டாயமா என்று. நான் திருப்பிக் கேட்பது, வீட்டில் என்னென்ன செடி நிற்கிறது என்பதை. சேம்பு இருக்கிறது என்றால் பாதி வேலை முடிந்தது. மணிபிளாண்ட் மட்டும்தான் என்றால், எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸ் கையில் இருந்தாலும் கொஞ்சம் கஷ்டம்தான்.

மழை எல்லா இலைமேலும் ஒரே மாதிரிதான் விழுகிறது. விழுந்த பிறகு உருண்டு நிற்பதா, படலமாகப் பரவுவதா, ஓரத்தில் தொங்குவதா, நிற்காமல் ஓடிவிடுவதா என்று முடிவு செய்வது இலை. எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பல வருஷமாக ஒவ்வொரு மழைக்கும் பின்னால் சுற்றியதில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் இது. நல்ல துளிப் படம் ஒவ்வொன்றும் ஒரு செடியைப் பற்றிய படம்தான்.

எங்கள் ஊர் தென்காசிக்குப் பக்கம். இங்கே எங்களுக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்சமிருக்கும் ஈரத்தைச் செங்கோட்டைக் கணவாய் வழியாக எங்கள் பக்கம் சாரலாகத் தூவும். குற்றாலத்தில் கூட்டம் கூடுவது இந்தச் சீசனுக்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் வருவது வடகிழக்குப் பருவமழை. அது கனத்த மழை, ஓட்டு வீட்டில் பேச்சு கேட்காத அளவுக்கு அடித்துப் பெய்யும்.

படமெடுப்பவருக்கு இவை இரண்டும் இரண்டு வேறு உலகங்கள். சாரலில் துளி மிகச் சிறிது. ஒரே இலையில் எண்ண முடியாத அளவுக்கு உட்காரும், ஒன்றோடொன்று சேர்வதற்குள் வெயில் எட்டிப் பார்த்துவிடும். கொஞ்ச நேரம் சாரல், கொஞ்ச நேரம் வெயில் என்று மாறி மாறி வருவதுதான் எங்கள் ஊர்ச் சீசனின் குணம். துளி புதிதாக இருக்கும்போதே சாய்ந்த வெயில் கிடைப்பது பெரிய கொடுப்பினை. ஐப்பசி மழை சின்னத் துளிகளையெல்லாம் தட்டி உதிர்த்துவிட்டு, இலை நுனியில் கனத்துத் தொங்கும் பெரிய துளிகளை மட்டும் விட்டுப் போகும். அதனால் சாரலுக்கு இலையின் பரப்பைப் பார்க்க வேண்டும், அடைமழைக்கு இலையின் நுனியைப் பார்க்க வேண்டும்.

துளியின் அளவு வித்தியாசத்தை அடுப்படியிலேயே கண்டுபிடித்துவிடலாம். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் ஜெரிகோ என்ற ஊரில் வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி இருந்தார். 1885-இல் தொடங்கி, நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து 5000-க்கும் மேற்பட்ட பனிப்படிகங்களைப் படம் எடுத்தவர். பனியில்லாத மாதங்களில் அவர் மழையை அளந்தார். ஒரு தட்டில் சலித்த மாவைப் பரப்பிச் சில நொடி மழையில் நீட்டுவார். விழுந்த ஒவ்வொரு துளியும் மாவுக்குள் ஓர் உருண்டையாகிவிடும். அது காய்ந்ததும் எடுத்து அளப்பார். அந்த அளவுகளை 1904-இல் வெளியிட்டார். நான் மைதாவைச் சலித்து எவர்சில்வர் தட்டில் விரல் தடிமனுக்குப் பரப்பி இதையே செய்து பார்த்தேன். சாரலில் கிடைத்த உருண்டைகள் கடுகைவிடச் சிறியவை. ஐப்பசியில் அதே தட்டில் கிடைத்தவை அதைப்போல மூன்று மடங்கு. காய விட்டுச் சல்லடையில் சலித்தால் உருண்டைகள் மேலே தங்கிவிடும், குழந்தைகள் வீட்டில் இருந்தால் அவர்களையே செய்யச் சொல்லலாம்.

விழுகிற துளி எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஐந்தாறு மில்லிமீட்டரைத் தாண்டினால் காற்றின் எதிர்ப்பே அதை உடைத்துவிடும். சின்னத் துளி உருண்டையாகவே விழும், பெரியது அடிப்பக்கம் தட்டையாகி விழும். மேலே கூர்மையாகவும் கீழே குண்டாகவும் நாம் வரைகிற துளி வானத்தில் எங்கும் கிடையாது. இலை நுனியை விட்டுப் பிரிகிற அந்தக் கணத்தில், கழுத்து நீண்டு மெலிந்து அறுந்துபோகும்போது மட்டும்தான் அந்த உருவம் கண்ணில் படும். அதாவது, அந்த உருவத்தையும் துளிக்குக் கொடுப்பது இலைதான்.

சரி, சேம்புக்கு வருகிறேன். கிணற்றடியில் தண்ணீர் வழிந்தோடும் வாய்க்கால் ஓரத்தில் ஆச்சி கிழங்குக்காக வைத்தது அது. இன்று தோட்டத்தில் நான் அதிகம் உட்கார்ந்திருக்கும் இடம் அதன் முன்னால்தான். "என்னட்டி, இன்னும் அந்தச் சேம்பு முன்னாலயேவா உக்காந்திருக்க? காப்பி ஆறிப்போச்சு" என்று ஆச்சி உள்ளேயிருந்து சத்தம் போடாத சாரல் நாள் கிடையாது.

சேம்பு இலையில் விழும் துளி ஒட்டவே ஒட்டாது. இலை லேசாக அசைந்தால் போதும், உருண்டு ஓடும், வழியில் இன்னொரு துளியைச் சந்தித்தால் சேர்ந்துகொள்ளும், கடைசியில் தண்டு இலையோடு சேரும் அந்தக் குழிவில் போய்த் தேங்கும். தாமரை இலையிலும் இதுதான் நடக்கிறது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட், எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பல செடிகளின் இலைகளைப் பார்த்துவந்தபோது, சில வகை இலைகள் மட்டும் கழுவாமலேயே தூசியின்றி இருப்பதைக் கவனித்தார். 1997-இல் கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸுடன் சேர்ந்து அதற்கான காரணத்தை விளக்கினார். இலையின் தோல் நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், அதில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள மேடுகள் நிறைந்திருக்கின்றன. அந்த மேடுகளின்மேல் இன்னும் நுண்ணிய மெழுகுப் படிகங்கள். துளி இந்த மேடுகளின் உச்சிகளை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. இடையில் இருப்பதெல்லாம் காற்று.

இந்தக் காற்றை நுண்ணோக்கி இல்லாமலே படம் பிடிக்கலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த சங்கதி. சேம்பு இலைமேல் நிற்கும் ஒரு பெரிய துளியை நேர் மேலிருந்து பாருங்கள், உள்ளே இலை நரம்பு பச்சையாகத் தெரியும். அப்படியே கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்திக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் துளியின் அடிப்பாகம் முழுவதும் சட்டென்று வெள்ளியாக மாறும். தண்ணீருக்குள்ளிருந்து காற்றை நோக்கிப் போகும் ஒளி ஏறக்குறைய 49 டிகிரிக்கு மேல் சாய்ந்து வந்தால், வெளியேற முடியாமல் முழுவதும் திரும்பிவிடும். துளிக்குக் கீழே காற்று இருப்பதால்தான் அந்தக் கண்ணாடி உண்டாகிறது. ஒரு சேம்பு இலையை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், முழு இலையும் வெள்ளித் தகடாகத் தெரியும், வெளியே எடுத்தால் நனைந்த அடையாளமே இருக்காது. மணிபிளாண்ட் இலையில் இந்த வெள்ளி வராது. அங்கே தண்ணீர் இலையோடு ஒட்டிக்கொண்டு பரவிக் கிடக்கும்.

இன்னும் நெருங்கிப் போனால் துளியின்மேல் செம்மண் துகள்கள் தெரியும். இலையில் கிடந்த தூசியைத் துளி உருளும்போதே தன்மேல் ஏற்றிக்கொண்டு போகிறது. முதல் சாரலுக்குப் பிறகு, பல நாள் புழுதி படிந்த சேம்பு இலையில் துளி ஓடிய தடம் மட்டும் துடைத்தெடுத்த பச்சையாக இருக்கும். அந்தத் தடத்தையும் அதன் முடிவில் கலங்கலாக நிற்கும் துளியையும் ஒரே சட்டகத்தில் எடுத்த படம்தான் நான் எடுத்தவற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. பார்ப்பவர்கள் பெரும்பாலும் அதைக் கடந்து போய்விட்டு, பூ தெரியும் துளியைத்தான் பாராட்டுகிறார்கள். எனக்கு வருத்தமில்லை. செடி தன்னைத்தானே கழுவிக்கொள்வது அந்தப் படத்தில் இருக்கிறது.

ஒன்று முக்கியம்: படம் எடுக்கப்போகும் இலையை விரலால் தொடக் கூடாது. மெழுகுப் படிகம் மிக மெல்லியது, ஒரு தேய்ப்பில் போய்விடும். தேய்த்த இடத்தில் துளி ஒட்டிக்கொண்டு சப்பையாகிவிடும். முதிர்ந்த இலைகளிலும் மெழுகு தேய்ந்திருக்கும் என்பதால், விரிந்து சில நாட்களே ஆன இளம் இலைதான் உத்தமம்.

சோப்பும் அப்படித்தான். அம்மா செம்பருத்தியில் மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயில் காதி சோப்பைக் கரைத்து அடிப்பாள். சோப்பு சேர்ப்பதற்குக் காரணம் எண்ணெயும் தண்ணீரும் கலப்பது மட்டுமல்ல. வெறும் தண்ணீராக இருந்தால் மெழுகுள்ள இலையில் மருந்து உருண்டு கீழே போய்விடும். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, அதை இலையில் பரவச் செய்கிறது. வயலுக்கு மருந்தடிப்பவர்கள் ஒட்டு திரவம் கலப்பதும் இதே காரணத்துக்காகத்தான். அம்மா மருந்தடித்த வாரத்தில் அந்தப் பக்கத்துச் செடிகளில் நல்ல துளி கிடைக்காது. இப்போதெல்லாம் சாரல் தொடங்குவதற்கு முன்பே அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, எந்த மூலையில் மருந்து அடிக்கிறாள் என்று தெரிந்து வைத்துக்கொள்கிறேன்.

பளபளக்கிற இலையில் துளி நன்றாக நிற்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறு. நந்தியாவட்டை, மணிபிளாண்ட் போன்ற பளபளப்பு இலைகளில் தண்ணீர் திட்டுத் திட்டாகப் பரவும். மங்கலாக, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும் இலையைத் தேடுங்கள். அந்தச் சாம்பல் நிறம் மெழுகுதான். முருங்கை, வாழை, கீழாநெல்லி எல்லாம் இந்த வகை. முருங்கையின் குட்டிக் குட்டி இலைகளில் ஆளுக்கொரு துளி நிற்கும்போது, பின்னால் வெயில் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. கற்பூரவள்ளியில் வேலை செய்வது மெழுகு இல்லை, ரோமம். சாரல் துளி அந்த ரோமங்களின் நுனியில் இலையைத் தொடாமலே நிற்கும், பக்கவாட்டில் தாழ்ந்து பார்த்தால் துளிக்கும் இலைக்கும் நடுவே இடைவெளி தெரியும்.

பன்னீர் ரோஜா இதழ் இன்னொரு தனி ரகம். துளி உருண்டையாகத்தான் நிற்கும், ஆனால் பூவைத் தலைகீழாகத் திருப்பினாலும் விழாது. இதழின் மேடுகள் தாமரையில் இருப்பவற்றைவிடப் பெரியவை. அவற்றின் இடையில் தண்ணீர் கொஞ்சம் இறங்கிப் பிடித்துக்கொள்கிறது, மேடுகளின்மேல் உள்ள நுண்ணிய மடிப்புகளுக்குள் மட்டும் இறங்குவதில்லை. சீன ஆய்வாளர்கள் 2008-இல் இதை விளக்கி, இதழ் விளைவு என்றே பெயர் வைத்தார்கள். ஆகவே காற்று அடிக்கும் நாளில் சேம்பை விட்டுவிட்டு ரோஜாவிடம் போய்விடலாம். ஆடிக் காற்றில் இந்த அறிவு ரொம்ப உதவும்.

துளிக்குள் தெரியும் படத்துக்கு வருவோம். இலை நுனியில் தொங்கும் துளிக்குப் பின்னால் ஒரு செம்பருத்தி இருந்தால், அந்தப் பூ துளிக்குள் தலைகீழாகத் தெரியும். துளியே ஒரு லென்ஸ். எல்லோரும் எடுக்க விரும்பும் படமும் இதுதான், எடுக்கும்போது மிகவும் சோதிக்கிற படமும் இதுதான். பிம்பம் துளிக்குள் தெரிகிறதே தவிர, உண்மையில் அங்கே இல்லை. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. அதைக் கொண்டு கணக்குப் போட்டால், உருண்டைத் துளி தூரத்துப் பொருளின் பிம்பத்தைத் தன் மையத்திலிருந்து ஏறக்குறைய தன் விட்டத்தின் அளவு தள்ளி, நம் பக்கம் காற்றில் கொண்டுவந்து வைக்கிறது. நமக்கு விளிம்பாகத் தெரியும் வட்டம் துளியின் மைய மட்டத்தில்தான் இருக்கிறது என்பதால், துளி 3 மில்லிமீட்டர் என்றால், அந்த விளிம்புக்கும் பிம்பத்துக்கும் நடுவே ஆழத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இருக்கிறது. பூ பக்கத்தில் இருந்தால் பிம்பம் இன்னும் நம்மை நோக்கி நகரும்.

மூன்று மில்லிமீட்டர் ஒரு விஷயமா என்று தோன்றலாம். பொருளின் உண்மை அளவு அப்படியே சென்சாரில் விழும் உருப்பெருக்கத்தில், லென்ஸில் ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை எஃப் 8 என்று வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரைத் தொடாது. விளிம்பில் ஃபோகஸ் செய்தால் பூ கலங்கும், பூவில் ஃபோகஸ் செய்தால் விளிம்பும் இலை நரம்பும் கலங்கும். எஃப் 22 வரை மூடினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அவ்வளவு சிறிய துளை வழியாக வரும் ஒளி சிதறிப் பரவி, மொத்தப் படமும் மழுங்கிவிடும். விளிம்பில் ஒன்று, பூவில் ஒன்று என்று தனித்தனியாக ஃபோகஸ் செய்து இரண்டு படம் எடுத்துக் கணினியில் சேர்க்கலாம். இல்லையென்றால் எதை விடுவது என்று முடிவெடுக்கலாம். நான் பெரும்பாலும் பூவை விட்டுவிட்டு விளிம்பையும் இலை நரம்பையும் வைத்துக்கொள்வேன். துளி எந்த இலையில் நிற்கிறது என்று தெரியாத படத்தில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை.

துளிக்குப் பின்னால் பூவை வெட்டிக் கொண்டுவந்து வைப்பதிலும் எனக்கு விருப்பம் குறைந்துவிட்டது. வைக்காமல் விட்டால் துளிக்குள் என்ன வருகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டுத் துளிகளில் கொடிக்கயிறு வரும், மாடியில் இருக்கும் நீல நிறத் தண்ணீர்த் தொட்டி வரும், அதற்குப் பின்னால் மேகம் மூடிய மலை ஒரு கோடாக வரும். எல்லாம் தலைகீழாக, எல்லாம் ஒரு துளிக்குள். சென்னையில் ஒரு மாடித் தோட்டத்தில் எடுத்தால் எதிர் அபார்ட்மென்டின் பால்கனி வரும். அந்தத் துளி அந்த வீட்டுடையது என்று அப்போதுதான் ஆகிறது.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போனில் எடுப்பவர்கள் துளியின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிடுங்கள். துளியில் மின்னும் வெள்ளைப் புள்ளி பொங்கிவிட்டால் திரும்பக் கிடைக்காது. போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள், அது துளியின் கண்ணாடி விளிம்பைப் பின்னணி என்று நினைத்து அழித்துவிடும். தண்ணீர் புகாத போன் என்றால், கேமராக் கண்ணின் மேல் ஒரு குட்டித் துளியை வைத்து மெதுவாகத் திருப்பினால் அதுவே உருப்பெருக்கும் லென்ஸ். கேமரா வைத்திருப்பவர்கள் மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸுக்கு உடனே பணம் கட்ட வேண்டியதில்லை. கேமராவோடு வந்த லென்ஸைத் திருப்பி மாட்டும் வளையம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எனக்கு அதுவே நீண்ட நாள் போதுமானதாக இருந்தது.

காற்றுதான் பெரிய பகை. தென்காசியில் சாரலும் காற்றும் சேர்ந்தே வரும், அதே காற்றை நம்பித்தான் இந்த மாவட்டத்தில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஒரு மூங்கில் குச்சியைச் செடிக்குப் பக்கத்தில் ஊன்றி, துணிக் கிளிப்பால் காம்பை அதோடு லேசாகப் பிடித்து வைத்தால் ஆட்டம் பாதியாகும். காற்று வரும் பக்கம் ஒரு குடையை விரித்துச் சாய்த்து வைத்தால் மீதியும் அடங்கும். கறுப்புக் குடை வேண்டாம், அதன் நிழல் துளிக்குள் கறுப்பாக விழும். வெளிர் நிறக் குடையென்றால் அதுவே மென்மையான ஒளியாகவும் ஆகிவிடும்.

விழுந்துகொண்டிருக்கும் துளியை நிறுத்துவது தனி வேலை. எங்கள் ஓட்டுத் தாழ்வாரம் தரையிலிருந்து சுமார் 3 மீட்டர் உயரம். அங்கிருந்து சொட்டும் துளி தரையைத் தொடும்போது நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் வேகம் பிடித்திருக்கும். 1/1000 நொடி ஷட்டரில் அது ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், அதாவது துளியைவிட நீளமான ஒரு கோடாகத்தான் விழும். ஷட்டரால் இதைப் பிடிப்பதைவிட ஃபிளாஷால் பிடிப்பது நல்லது. ஃபிளாஷின் சக்தியை மிகவும் குறைத்து வைத்தால் அது மின்னும் நேரம் பத்தாயிரத்தில் ஒரு நொடிக்கும் கீழே போய்விடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் எட்ஜர்டன் 1957-இல் எடுத்த, பால்துளி விழுந்து கிரீடமாக எழும் புகழ்பெற்ற படமும் மின்னல்வேக ஒளியால் பிடித்ததுதான்.

ஆனால் தாழ்வாரத்தைவிட எனக்குப் பிடித்த இடம் பின்சுவர். அங்கே செங்கல் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்திருக்கிறது. சுவரைப் பிளந்துவிடும் என்று எடுத்துவிடச் சொல்கிறார்கள், உண்மைதான், எடுக்கத்தான் வேண்டும். மழைக்காலம் முடியட்டும் என்று கேட்டு வைத்திருக்கிறேன். அரச இலையின் நீண்ட வாலைப் பார்த்திருப்பீர்கள். மழை அதிகமுள்ள காடுகளில் பல மரங்களுக்கு இப்படி வால் உண்டு, இலைமேல் விழுந்த தண்ணீர் தேங்காமல் அதன் வழியே வடிந்துவிடும். ஐப்பசி மழை விட்ட பிறகு அந்த வாலில் துளி திரண்டு, கனத்து, மெதுவாக இறங்கும். பிரியும்போது கழுத்து நூலாக மெலியும். துளி போன பிறகு அந்த நூல் தனியே சுருண்டு, ஒரு குட்டித் துளியாகிப் பின்னாலேயே விழும். கண்ணுக்கு அந்தக் குட்டித் துளி தெரியவே தெரியாது. படத்தில் மட்டும்தான் வரும். இலை நுனியிலிருந்து பத்து சென்டிமீட்டருக்குள் என்றால் வேகமும் குறைவு, 1/2000 நொடியே போதும்.

சிலந்தி வலையில் துளிகள் ஏறக்குறைய சம இடைவெளியில் கோத்த மாதிரி நிற்பதும் இதே விதிப்படிதான். நூல்மேல் மெல்லிய குழாயாகப் படியும் தண்ணீர் அப்படியே நீடிக்க முடியாது, பரப்பு இழுவிசை அதைத் துண்டு துண்டாக்கி உருண்டைகளாக்கிவிடும்.

மழையில்லாத காலையிலும் துளி கிடைக்கும். விடியும் முன் தோட்டத்துக்குப் போனால் தக்காளி இலையின் ஒவ்வொரு பல்முனையிலும், அருகம்புல்லின் நுனியிலும், சேம்பு இலையின் கோடியிலும் ஒழுங்காக ஒரு துளி நிற்கும். பலர் இதைப் பனித்துளி என்று எழுதிப் படத்தைப் போடுகிறார்கள். பனி என்றால் இலைப் பரப்பு முழுவதும் படிந்திருக்கும். நுனியில் மட்டும் வரிசையாக நிற்பது செடிக்குள்ளிருந்து வந்த தண்ணீர். மண் ஈரமாக இருக்கும் இரவில் வேர் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், இலைத்துளைகள் மூடியிருப்பதால் ஆவியாகிப் போக வழியில்லை. அதனால் விளிம்பில் உள்ள தனித் துவாரங்கள் வழியே கசிகிறது. வெயில் ஏறி அது காய்ந்த பிறகு சில இலைகளின் முனையில் வெள்ளையாக உப்புத் தடம் இருக்கும். ஒரே வாரத்தில், ஒரே தக்காளி இலையில், மழைத்துளி, பனித்துளி, இலையே கசியவிட்ட துளி மூன்றையும் எடுத்துப் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். எது எது என்று யாரும் சொல்லாமலே விளங்கும்.

இதனால்தான் ஸ்பிரேயரில் கிளிசரின் கலந்து அடித்து எடுக்கும் துளிப் படங்களை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கிளிசரின் துளி சீக்கிரம் காயாது, நகராது, வைத்த இடத்தில் நிற்கும். விளம்பரப் படத்துக்கு அது வசதி, அவர்கள் தொழில் அது. தோட்டத்தில் அதைச் செய்யும்போது சேம்புக்கும் ரோஜாவுக்கும் கற்பூரவள்ளிக்கும் இருக்கும் வித்தியாசம் படத்தில் இல்லாமல் போகிறது. மழை வரவில்லையென்றால் பூவாளியில் வெறும் தண்ணீரைத் தெளித்து எடுங்கள், அதில் தவறே இல்லை. தண்ணீராக இருந்தால் போதும், மீதியை இலை பார்த்துக்கொள்ளும்.

இலையோடு நிறுத்திவிடாமல் கொஞ்சம் கீழேயும் பார்க்கலாம். திருநீற்றுப்பச்சிலை காய்ந்து விதை உதிர்த்திருக்கும் தொட்டியில், மழை பெய்து அரை மணி நேரம் கழித்துக் குனிந்து பாருங்கள். ஃபலூடாவில் போடும் அதே சப்ஜா விதை. மண்மேல் கிடக்கும் ஒவ்வொரு கறுப்பு விதையைச் சுற்றியும் நீலம் கலந்த வெண்மையில் ஒரு கூழ் உறை வீங்கியிருக்கும். எதிர்வெயிலில் உறைக்குள் மெல்லிய இழைகள் ஆரம்போலப் பரவி நிற்பது தெரியும். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள விதை செய்யும் ஏற்பாடு அது. தோட்டத்தில் மழையைப் பிடித்து வைப்பது இலை மட்டுமில்லை என்று எனக்குக் காட்டிக்கொடுத்த படம்.

நான் இன்னும் எடுக்காத படம் ஒன்று இருக்கிறது. பட்டாசுக்காய் என்று நாங்கள் சின்ன வயதில் எச்சில் தொட்டு வெடிக்கவிட்டு விளையாடிய செடி, கிரந்திநாயகம் என்பார்கள், ஊதாப் பூ பூக்கும். அதன் முற்றிய காயில் ஒரு சொட்டு மழை பட்டால் போதும், சில நொடிகளில் டப் என்று இரண்டாகப் பிளந்து விதைகளை வீசும். காய் காய்ந்து முறுகி இறுக்கத்தில் இருக்கிறது, இரண்டு ஓடுகளையும் பிடித்து வைத்திருக்கும் நுனியைத் தண்ணீர் தளர்த்திவிடுகிறது. துளி காயைத் தொடுவது, ஓடு பிளப்பது, விதை பறப்பது மூன்றும் ஒரே வரிசையில் வர வேண்டும். வாய்க்கால் கரையில் நின்றதிலிருந்து விதை எடுத்து வந்து, காற்றுக்கு மறைவாகப் பின்சுவர் ஓரம் போட்டிருக்கிறேன், பூத்துவிட்டது. பச்சைக் காயில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் வெடிக்காது, பழுப்பாகிக் காய்ந்த பிறகுதான். அதற்குள் ஃபிளாஷை எந்தப் பக்கம் வைத்தால் பறக்கும் விதை பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும் என்று ஒரு காய்ந்த காயைக் குச்சியில் கட்டி, சொட்டு மருந்துக் குப்பியில் தண்ணீர் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை பார்த்ததில் பின்னாலிருந்து, கொஞ்சம் மேலாக வைப்பதுதான் சரியாக வருகிறது.